வருமானம் இல்லாத ஆண்டிலும் வரியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வருமான வரியை அடியோடு எடுத்துவிட்டு, வங்கியில் வரவாகும் ஒவ்வொரு தொகையிலும் 2 சதவீதம் பிடித்துக்கொண்டால் போதும் என்று சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பூனாவின் அர்த்தகிராந்தி அமைப்பு பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் யோசனைதான் இது. படிவம் இல்லை, நோட்டீஸ் இல்லை, ஆடிட்டரிடம் அலைச்சல் இல்லை என்றால் யாருக்கும் ஆசையாகத்தான் இருக்கும். நான் நீடாமங்கலத்தில் நெல், அரிசி வியாபாரிகளுக்கு முப்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறவன். அது நடப்புக்கு வந்தால் எங்கள் பக்கம் என்ன ஆகும் என்று பேரேட்டைப் பார்த்தே சொல்ல முடியும்.

எனக்குத் தெரிந்த ஓர் அரிசி வியாபாரிக்கு ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடி. கேட்கப் பெரிதாக இருக்கும். கொள்முதல், லாரி வாடகை, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, கடை வாடகை எல்லாம் போகக் கையில் நின்றது இரண்டரை லட்சம். இன்றைய சட்டப்படி அவர் ஒரு ரூபாய் வரி கட்ட வேண்டாம். கட்டுரையாளர் சொல்லும் முறையில் ஒரு கோடிக்கு 2 சதவீதம், அதாவது இரண்டு லட்சம் போய்விடும். மிச்சம் ஐம்பதாயிரத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் ஓராண்டு எப்படிச் சாப்பிடும்? நஷ்டமான ஆண்டிலும் அதே இரண்டு லட்சம்தான், கடன் வாங்கிக் கட்ட வேண்டும்.

அரசுக் கொள்முதல் நிலையத்துக்குப் போகாத நெல், விவசாயியிடமிருந்து வியாபாரிக்கு, அங்கிருந்து ரைஸ் மில்லுக்கு, பிறகு மொத்த வியாபாரி, மளிகைக் கடை, வீடு என்று ஐந்து முறை கை மாறுகிறது. ஐந்து முறையும் பிடித்தம் உண்டு. ஆலையும் கிடங்கும் கடையும் தன்னிடமே வைத்திருக்கும் பெரிய நிறுவனத்துக்கு இரண்டே முறை. சிறு வியாபாரி ஒன்று கடையை மூடுவார், இல்லையென்றால் ரொக்கத்துக்குத் திரும்புவார். முதலாம் குலோத்துங்கனை இந்த மண் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று நினைவில் வைத்திருக்கிறது. அவன் காலத்திலும் நிலத்தை அளந்து இறை, அதாவது நிலவரி, வாங்கத்தான் செய்தார்கள். சரக்கு வழியில் போகிறது என்பதற்காக வாங்கிய காசைத்தான் நீக்கினான்.

வருமான வரிக்குப் பதிலாக ஜி.எஸ்.டி.யை உயர்த்திக்கொள்ளலாம் என்பவர்களும் உண்டு. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீதம் வரி வந்தது. உடனே சந்தைக்கு 26 கிலோ சிப்பம் வந்துவிட்டது. மாதச் சம்பளக்காரர் 26 கிலோவாக வாங்கி வரியிலிருந்து தப்பிக்கிறார். வாரக்கூலியில் 5 கிலோ பாக்கெட் வாங்குகிறவர் வரி கட்டுகிறார். இதை என் கண்ணால் தினமும் பார்க்கிறேன், மனசு ஆறவில்லை.

செலவுக்கு வரி போடுவதும் புதிதல்ல. கேம்பிரிட்ஜ் பொருளியல் அறிஞர் கால்டார் யோசனைப்படி அன்றைய நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1957-இல் கொண்டுவந்தது, 1962-இல் கைவிடப்பட்டு, 1964-இல் அவராலேயே திரும்ப வந்து, 1966-இல் முடிந்த கதை அது. எல்லோருக்கும் ஒரே விகிதம் என்று 2001-இல் 13 சதவீதம் வைத்த ரஷ்யாவும் 2021-இல் பெரிய வருமானத்துக்கு 15 ஆக்கிவிட்டது.

புதிய வரி முறையில் தள்ளுபடியையும் சேர்த்து 12 லட்சம் வரை வரியில்லை என்று 2025 பட்ஜெட்டில் ஆக்கிவிட்டார்கள். ஆகவே வருமான வரி ஒழிந்தால் லாபம் அதற்கு மேல் சம்பாதிப்பவர்களுக்குத்தான். மாற்று வரியின் சுமையோ அதற்குக் கீழே இருக்கும் அத்தனை பேர் தலையிலும் ஏறும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், டெல்டாவில் பலருக்குப் பிடிக்காது. விவசாய வருமானத்துக்கு வரி என்றாலே நம் ஊரில் கொதிக்கிறார்கள். 1972-இல் மத்திய அரசு அமைத்த பொருளியல் அறிஞர் கே.என். ராஜ் குழு அதைப் பற்றிச் சொன்னது. அதிகாரம் மாநிலங்களிடம் இருப்பதால் பேச்சு அப்படியே நிற்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வேலி, அதாவது 20 மா (சுமார் 6.6 ஏக்கர்), சம்பா. மாவுக்கு 60 கிலோ மூட்டை 12 என்றால் 144 குவிண்டால். 2025-26 பருவத்தில் தமிழக அரசு சாதாரண ரகத்துக்குத் தந்த குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் வீதம் 3,60,000. உழவு, நடவு, உரம், அறுப்புக் கூலி எதையும் கழிப்பதற்கு முன்பே இது, தள்ளுபடி வரைகூடப் போகாமல், 4 லட்சம் என்னும் அடிப்படை வரம்புக்குள் அடங்கிவிடுகிறது! வரிவிலக்கு நமக்குக் காவல் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது வேறு தொழிலில் வந்த பணத்தை விவசாய வருமானம் என்று எழுதிக்காட்டுகிறவர்களுக்குத்தான் குடை பிடிக்கிறது.

இருக்கிற வருமான வரியில் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. வருமானம் விழுந்தால் தானும் விழும் வரி இது ஒன்றுதான், அதற்காகவே இதைக் காக்க வேண்டும் என்கிறேன். நிலத்தீர்வையில்கூட விளைச்சல் பொய்த்தால் வஜா, அதாவது தள்ளுபடி, உண்டு. வருமான வரியில் அந்த வஜா அரைகுறையாக இருக்கிறது. வியாபார நஷ்டத்தை எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச்சென்று பின்வரும் லாபத்தில் கழிக்கலாம், ஆனால் நஷ்டக் கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்த பிறகு, பேராவூரணிப் பக்கத்துத் தேங்காய் வியாபாரி ஒருவர் கணக்குப் புத்தகத்தையே தொடாமல் கிடந்தார். கெடு போயிற்று. பின்னால் வியாபாரம் எழுந்து நல்ல லாபம் வந்த ஆண்டில் பழைய நஷ்டத்தைக் கழிக்க முடியாமல் முழு வரியும் கட்டினார். அந்தச் செலானை நிரப்பியவன் நான்.

ஆஸ்திரேலியாவில் விவசாயிகளின் வருமானத்தை ஐந்தாண்டுச் சராசரியில் பார்த்து வரி விகிதத்தை வைக்கிறார்கள். மேட்டூர் நீரையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பிப் பிழைக்கும் எங்கள் பகுதியின் சிறு வியாபாரிகளுக்கும் அப்படி ஒரு வழி வேண்டும். இயற்கைப் பேரிடர் அறிவிக்கப்பட்ட மாவட்டங்களில் நஷ்டக் கணக்குக்குக் கெடு தேதியைத் தளர்த்தவும் வேண்டும். பட்ஜெட்டுக்கு முன் நிதியமைச்சகம் கருத்துக் கேட்கும்போது டெல்டாவின் வணிகர் சங்கங்கள் இதை எழுதி அனுப்பட்டும். ஊர் பெயர், ஆள் பெயர் இல்லாமல் மாதிரிக் கணக்குகள் எடுத்துக்கொடுக்க நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
நெல் வணிகக் கணக்கர் ஒருவர்,
நீடாமங்கலம்.