கிரியோல் பேசும் தமிழ் வகுப்பு

அன்புள்ள கமலா,

உன் கடிதம் பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. புயல், பள்ளி மூடல், அப்புறம் காவடி என்று சாக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. எதையும் நீ நம்பமாட்டாய். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் அப்படியே. ராஜி வீட்டுக் கல்யாணப் படங்களைப் பார்த்தேன். ராஜி இன்னும் அதே கண்ணாடியா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் என் வகுப்பைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். கடைசி வரிசையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டு, "இது தமிழ் வகுப்பா, சந்தையா?" என்றார். சத்தத்தையாவது பொறுத்திருப்பார். பிள்ளைகள், பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் மொரீஷியஸ் பேச்சுமொழியான கிரியோலில் பேசிக்கொண்டதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. இங்கே பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல்தான். சாமி பாட்டைக்கூட பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிற வீடுகள் உண்டு. 2012இல் கிரியோலும் தொடக்கப்பள்ளியில் விருப்பப் பாடமாக வந்துவிட்டது. தமிழ் எடுப்பதா, அதை எடுப்பதா என்று பெற்றோர் யோசிக்கிறார்கள். "போட்டிக்கு நிற்கிற மொழிக்கு நீங்களே நாற்காலி போடுகிறீர்களே!" என்றார். நல்ல வசனம்தான்.

நான் செய்வதைச் சொல்கிறேன், நீயே தீர்ப்புச் சொல். கேள்வி கேட்டதும் வாயை மூடிக்கொள்கிறேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்புகளை ஒலிநாடாவில் பதிந்து பார்த்தாராம். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்திருந்தது சுமார் ஒரே வினாடி. அதை மூன்று வினாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பதிலே வராமல் போவது குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். நம் இலக்கண வாத்தியார் கேள்வி முடியுமுன்பே "கமலா!" என்பாரே. நீயும் எல்லாவற்றுக்கும் "ஆகுபெயர் ஐயா" என்று சொல்லியே பட்டம் வாங்கிவிட்டாய்.

என் பிள்ளைகளுக்கு மூன்று வினாடி போதாது. பதில் கிரியோலில் உடனே வந்துவிடுகிறது, தமிழுக்கு வரத்தான் நேரம் வேண்டும். அதனால் முதலில் தனியாக யோசிக்கச் சொல்கிறேன், பிறகு பக்கத்துப் பிள்ளையோடு எந்த மொழியிலும் பேசலாம். எழுந்து நின்று சொல்லும்போது மட்டும் தமிழ். ஃபிராங்க் லைமன் 1981இல் சொன்ன முறைதான் இது, மொழி விஷயம் மட்டும் என் சொந்தச் சேர்க்கை. கை தூக்குவது கிடையாது. பெயர் எழுதிய ஐஸ்கிரீம் குச்சிகளை டப்பாவில் போட்டு ஒன்றை உருவுவேன். எப்போதும் கை தூக்கும் கூட்டம் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. குச்சியில் பெயர் வந்த பிள்ளை தன் பதிலை அல்ல, பக்கத்துப் பிள்ளையின் பதிலைச் சொல்லவேண்டும். தப்பானாலும் அது இன்னொருவருடையது. கூச்சம் பாதி அங்கேயே போய்விடுகிறது.

அதிகாரி வந்த அன்று ஏழு கறிப் பாடம். விசேஷ நாளில் வாழை இலையில் பரிமாறுவோமே, அதேதான். கறிக்கு ஒரு குழு. அது எதில் செய்தது, என்ன போட்டார்கள், யார் வீட்டில் நன்றாக இருக்கும் என்று பேசித் தெரிந்துகொள்வார்கள். பிறகு குழுக்களைக் கலைத்து, புதுக் குழுவில் ஒவ்வொரு கறிக்கும் ஒரு ஆள் இருக்கும்படி உட்கார வைத்தேன். பூசணிக் கறி பற்றி அங்கே ஒருத்திக்குத்தான் தெரியும், அவள் பேசாவிட்டால் இலை நிறையாது. எலியட் அரான்சன் 1971இல் டெக்சஸின் ஆஸ்டின் நகரில் தொடங்கிய முறை இது. அப்போதுதான் வெள்ளை, கறுப்பு, மெக்சிகோ வழிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்திருந்தார்கள், ஒருவரையொருவர் பிடிக்காது. ஒவ்வொருவர் கையிலும் பாடத்தின் ஒரு துண்டைக் கொடுத்ததும் அடுத்தவர் சொல்வதைக் கேட்டே ஆகவேண்டியதாயிற்று. என் வகுப்பில் சண்டை இல்லை, மௌனம்தான்.

எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்லமாட்டேன். முழு நேரமும் கிரியோலில் கதை அடித்துவிட்டு, கடைசியில் அடுத்த மேசையில் கேட்ட ஒரு தமிழ் வரியை ஒப்பிக்கிற ஜோடிகளும் உண்டு. ஆறாம் வகுப்புத் தேர்வு நெருங்கினால் பெற்றோர் வேறு "நோட்டில் ஒன்றுமே இல்லையே" என்று கேட்பார்கள். ஆனால் கமலா, கிரியோலைத் தடுத்தால் இவர்கள் தமிழ் பேசப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்படி உட்கார்ந்த பிள்ளையின் தம்பியைத் தமிழுக்குச் சேர்ப்பார்களா? எனக்குத் தூக்கம் கெடுவது அதிகாரியால் அல்ல, அந்தத் தம்பியால்.

2007இல் உங்கள் தமிழ்நாட்டில், பிள்ளைகளே அட்டைகளை வைத்துச் செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் வந்தபோது, அட்டைகளோடு தரையில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று புலம்பி எழுதினாயே. அடுத்த கடிதத்தில், அட்டையைப் பிள்ளைகளே எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஒரே பெருமை. இரைச்சலைப் பற்றி உன்னை யாராவது கேட்டார்களா? என்ன சொல்லிச் சமாளித்தாய்? அடுத்த மாதம் அந்த அதிகாரி மறுபடி வருகிறார். அதற்குள் எழுது. வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டித் தப்பிக்காதே, எனக்கு வாதம் வேண்டும். ஆகுபெயர் வேண்டாம்.

அன்புடன்,
சரோஜா
ரோஸ்ஹில், மொரீஷியஸ்