காஷ்மீர் ஏரிப் பாதை: படுக்கும் உயரத்தைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே, ஜூன் வந்தால் சுற்றுலாப் பக்கங்களில் காஷ்மீர் பேரேரிகள் மலைப்பாதை தவறாமல் வந்துவிடுகிறது. படங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் போகிறவருக்கு முதலில் தெரிய வேண்டிய ஒரு விவரம் அந்தக் கட்டுரைகளிலும் விளம்பரங்களிலும் பெரும்பாலும் இருப்பதில்லை: ஒவ்வோர் இரவும் எத்தனை மீட்டர் உயரத்தில் படுக்கப்போகிறோம் என்பது.

பாதை சோனாமார்க்கில் தொடங்குகிறது. நிச்நை, விஷன்சர், காட்சர், சத்சர், கங்காபல் என்று சுற்றி நாரநாக்கில் இறங்குகிறது. ஏறத்தாழ 70 கி.மீ. நடுவே மூன்று கணவாய்கள். நிச்நையும் ஜாஜும் 4,000 மீட்டரைத் தாண்டியவை, காட்சர் கணவாய் சுமார் 4,200. முகாம்கள் எல்லாமே 3,500-க்கும் 3,700-க்கும் இடைப்பட்ட உயரம்.

தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆனைமுடி 2,695. சோனாமார்க் கடைத்தெருவே ஏறக்குறைய 2,700. தென்னிந்தியாவின் உச்சி எதுவோ, அங்கிருந்துதான் இந்த நடையின் முதல் படியே ஆரம்பம். வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கினால் தொடையும் முழங்காலும் நன்றாகத் தயாராகும், சந்தேகமில்லை. உயரத்துக்கு உடம்பைப் பழக்க அது உதவாது. காட்சர் கணவாயில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். அதற்கு உடல் பழக நாட்கள் வேண்டும். ஜிம்முக்குப் போகிறவர், இருபத்தைந்து வயதுக்காரர் என்பதற்கெல்லாம் அங்கே சலுகை கிடையாது.

மருத்துவர்கள் சொல்லும் கணக்கு எளிது: 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும். விளம்பரத் திட்டம் எப்படி இருக்கிறது? காலையில் சென்னையில் விமானம், மாலையில் சோனாமார்க், மறுநாள் இரவு நிச்நையில் 3,500 மீட்டர். அந்த ஒரு நாள் ஏற்றமே 800 மீட்டர். பாதையின் அமைப்பு அப்படி, அதை மாற்ற முடியாது. மாற்றக்கூடியது அதற்கு முந்தைய இரவுகளைத்தான். ஸ்ரீநகரில் ஒரு இரவு, சோனாமார்க்கில் இரண்டு. நடுநாளில் தஜிவாஸ் பனியாற்றுப் பக்கம் மெதுவாக ஏறி, கீழே வந்து படுக்க வேண்டும். பிறகு விஷன்சரில் இரண்டு இரவு. ஓய்வு நாளில் கிஷன்சர் ஏரிவரை போய்த் திரும்பினால் போதும். மொத்தம் இரண்டு மூன்று நாள்தான் கூடுகிறது. நாரநாக்கில் தொடங்கித் தலைகீழாக நடக்கச் சொல்கிறவர்களும் உண்டு. 2,300 மீட்டரிலிருந்து நேராகக் கங்காபலின் 3,500-க்கு ஏற வேண்டியிருப்பதால் அது இன்னும் மோசம்.

விஷன்சருக்கு ஏன் அத்தனை முக்கியத்துவம்? கூடாரத்தைக் கழற்றி காட்சர் கணவாயைத் தாண்டிவிட்டால் திரும்புவது லேசல்ல. காட்சர் முகாமில் ஒருவருக்கு முடியாமல் போனால், பின்னால் அதே 4,200 மீட்டர் கணவாய், முன்னால் சத்சர் ஏற்றம். நோயாளியை இறக்க வேண்டிய நேரத்தில் ஏற்ற வேண்டியிருக்கும். அதனால் போவதா, திரும்புவதா என்பதை விஷன்சரிலேயே முடிவு செய்துவிட வேண்டும். தலைவலியோடு குமட்டல், சாப்பாடு வேண்டாம் என்பது, அசதி, தலைசுற்றல் இவற்றில் ஏதேனும் சேர்ந்திருந்தால் அது மலைநோய்தான். 'வெயில்', 'பித்தம்' என்று பெயர் மாற்றிப் பயனில்லை. சரியாகும்வரை மேலே போகக்கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள். குதிகாலைக் கால்விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீக்கம். இரண்டுக்கும் உடனே கீழே இறங்குவதுதான் சிகிச்சை, இரவானாலும்.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டரை நம்பி மட்டும் முடிவெடுக்காதீர்கள். இந்த உயரத்தில் 85–90 சதவீதம் வருவது சகஜம். விரல் குளிர்ந்திருந்தால் இன்னும் குறைத்துக் காட்டும். டயமாக்ஸ் மாத்திரை பழகுவதை வேகப்படுத்தும், நோயை மறைக்காது. வழக்கமான அளவு 125 மி.கி., காலை ஒன்று, மாலை ஒன்று, ஏறுவதற்கு முந்தைய நாளே ஆரம்பம். விரல் நுனி மரமரக்கும், சிறுநீர் அதிகம் போகும். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. கடைகளில் விற்கும் ஆக்சிஜன் ஸ்ப்ரே கேனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பத்து லிட்டர் கேன் என்றால், நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் ஐந்தே நிமிடம். வைத்திருக்கிறோம் என்ற தைரியம் மட்டும் நாள் முழுக்க நீடிக்கும், அதுதான் ஆபத்து.

அடுத்து தண்ணீரும் பனியும். பனி உருகி ஓடும் ஓடைகள் காலையில் முழங்காலுக்குக் கீழே இருக்கும், பிற்பகலில் தொடை வரை வரும். ஆகவே கடப்பதெல்லாம் காலையில். பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, தடியை ஊன்றி, பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக நகர வேண்டும். வெறுங்காலோடு இறங்கினால் குளிரில் பாதம் மரத்துக் கல் தெரியாது. பட்டை வைத்த செருப்பு வேண்டும். ஜூலை முதல் பாதியில் ஓடைமேல் பனிப்பாலம் நிற்கும். மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் அடியில் நீர் அரித்துப் பொள்ளலாக்கியிருக்கும். வழிகாட்டி மிதித்த தடத்தை விட்டு விலகக்கூடாது. கணவாய்களை நண்பகலுக்குள் தாண்டிவிட ஆறு ஆறரைக்கே கிளம்புவது நல்லது. மழையும் இடியும் பெரும்பாலும் பிற்பகலில்தான். சத்சர் தாண்டியதும் வரும் பெரும்பாறைக் குவியல் மழையில் வழுக்கும். அங்கே அவசரப்பட்டால் கணுக்கால் போகும்.

ஏரிநீர் கண்ணாடிபோல இருந்தாலும், கரையெல்லாம் பக்கர்வால் என்ற நாடோடி மேய்ப்பர்களின் ஆடுகள் மேயும் புல்வெளி. கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். குளோரின் மாத்திரைக்கு அரைமணி நேரம் என்று அட்டையில் போட்டிருக்கும். சில்லிட்ட நீரில் அதற்கு மேலும் விடுங்கள்.

ஷூ விஷயத்தில் புதுசு மட்டுமல்ல, பழசும் ஏமாற்றும். சில வருடம் அலமாரியில் கிடந்த ஷூவின் அடிப்பாகத்து நுரைப்பொருள் ஈரக்காற்றில் தானாகவே உதிர்ந்துபோகலாம். வெளியே பளபளப்பாக இருக்கும், இரண்டாம் நாள் அடித்தோல் வாயைப் பிளக்கும். புறப்படும் முன் குதிகால் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரிசல் விட்டால், பொடி உதிர்ந்தால் வேண்டாம். கடைசி நாள் நாரநாக் இறக்கம் 1,200 மீட்டருக்கு மேல், நகத்தை ஒட்ட வெட்டாதவர்களுக்குப் பெருவிரல் கறுத்துவிடும்.

தூக்கப்பையில் 'கம்ஃபர்ட்' அளவு, அதாவது சௌகரியமாகத் தூங்கக்கூடிய குளிர், பூஜ்யம் டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். எப்படியோ தாங்கக்கூடிய எல்லையான 'லிமிட்' எண்ணைக் காட்டி விற்பார்கள். பருத்தி உள்ளாடையை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

தொலைபேசி: பிற மாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும். சோனாமார்க்கை விட்டால் அதற்கும் சிக்னல் இல்லை. அதற்காக வெளிநாட்டு உறவினர் தந்த செயற்கைக்கோள் தொலைபேசியையோ தகவல் கருவியையோ எடுத்துப் போகாதீர்கள். அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். பாதையில் ராணுவச் சோதனைச் சாவடிகள் உண்டு. அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பின் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டன. எனவே பாதை அந்த மாதம் திறந்திருக்கிறதா என்பதை உறுதி செய்யாமல் விமான டிக்கெட் எடுக்க வேண்டாம். திரும்பும் டிக்கெட்டுக்கு முன் ஒரு நாள் சும்மா விடுங்கள். உடம்பு கெஞ்சும்போதும் மழை கொட்டும்போதும் கணவாய் ஏறத் துரத்துவது பெரும்பாலும் அந்த டிக்கெட்தான்.

ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள் போதும். இரவுகளின் உயரம் என்ன? ஆக்சிஜனுக்கு உள்ளது சிலிண்டரா, ஸ்ப்ரே கேனா? ஒருவர் திரும்ப நேர்ந்தால் கூட வரத் தனியாக வழிகாட்டியும் மட்டக்குதிரையும் உண்டா? ஓய்வு நாள் எந்த முகாமில்? முதல் கேள்விக்கே 'அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம் சார்' என்று பதில் வந்தால், வேறு ஆளைப் பாருங்கள்.

இப்படிக்கு,
மலையேற்றக் குழு வழிகாட்டி ஒருவர்,
கோயம்புத்தூர்