யாருடி அந்த மூதாட்டி?

தமிழ் நாளிதழ்களின் செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். போன மாதம் பைக்கில் வந்த இரண்டு பேர் என் அம்மாவின் செயினை அறுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் பேப்பரில் ‘மூதாட்டியிடம் 3 பவுன் செயின் பறிப்பு’ என்று வந்தது. அம்மாவுக்கு 59 வயது. இட்லி மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, ஸ்கூட்டியில் நாலைந்து கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவர். கழுத்துக் காயத்தில் களிம்பைத் தடவிக்கொண்டே அதை வாசித்தார். “செயின் போனா போவுது. யாருடி அந்த மூதாட்டி?” என்றார்.

அதே பக்கத்தில் 74 வயது அரசியல்வாதி ஒருவர் ‘மூத்த தலைவர்’ ஆக இருந்தார். அவர் அறிக்கை விட்டிருந்தார், அம்மா செயினைப் பறிகொடுத்திருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி மூத்த குடிமக்கள் என்றாலே 60 ஆக வேண்டும். அந்தக் கணக்கில் அம்மாவுக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி!

மூதாட்டி கெட்ட வார்த்தை இல்லை, ஔவையை அப்படித்தான் சொல்கிறோம். தொல்காப்பியத்தில் கிழவன், கிழத்தி என்றால் அகத்திணைத் தலைவனும் தலைவியும். உரிமை உடையவர் என்று பொருள். கோவூர் கிழார், சேக்கிழார் பெயர்களில் இருப்பதும் அதே ‘கிழ’தான். இன்றைக்கு பஸ்ஸில் யாரையாவது அப்படிக் கூப்பிட்டுப் பாருங்கள்.

ஜப்பானில் மூத்தோரைக் கௌரவிக்கவே செப்டம்பரில் ஒரு அரசு விடுமுறை உண்டு. அங்கேயே 2008 ஏப்ரலில், 75 வயது கடந்தவர்களுக்குத் தனி மருத்துவக் காப்பீடு கொண்டுவந்து, ‘பிற்பகுதி முதியோர்’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். பெரியவர்கள் கொதித்துவிட்டார்கள். கட்டணத்தை பென்ஷனிலேயே பிடித்த கோபமும் சேர்ந்துகொண்டது. அரசு அவசரமாக ‘நீண்ட ஆயுள் மருத்துவத் திட்டம்’ என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தது. ஆறவில்லை. சட்டத்தில் இன்றும் பழைய பெயர்தான்.

நம்மிடம் மாற்றுத்திறனாளி, திருநங்கை என்ற சொற்கள் உங்கள் பக்கங்களில் வந்து வந்துதான் ஊருக்குப் பழகின. அதனால் கேட்கிறேன்: எல்லாருக்கும் போடுகிற மாதிரி பெயர், வயது, செய்யும் தொழில், இந்த மூன்றையும் வயதில் மூத்தவர்களுக்கும் போடுங்கள்.

அம்மா அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்திருக்கிறார், ஸ்டேஷனுக்குப் போகும்போது காட்ட வேண்டுமாம். ‘மூதாட்டி’யை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு, மேலே தன் பெயரை எழுதியிருக்கிறார்.

இப்படிக்கு,
மாவுக்காரம்மாவின் மகள்