கையொப்பம் தேவைப்படாத குறிப்பேடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்கள் தாங்கள் உண்பதையும் உடற்பயிற்சி செய்வதையும் நாள்தோறும் குறித்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் இப்போது பள்ளிகளிலும் பெற்றோரிடையேயும் வலுப்பெற்று வருகிறது. உயிரியல் கற்பிப்பவன் என்ற முறையில் அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அந்தக் குறிப்பேடு யார் கண்ணுக்காக எழுதப்படுகிறது என்பதைத் தெளிவுபடுத்தாமல் தொடங்கினால் முயற்சி வீணாவதோடு தீங்கும் விளையக்கூடும் என்பதை நானே செய்த ஒரு தவறு எனக்குக் காட்டியது. அதைச் சொல்லவே இக்கடிதம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவர்களை ஒரு மாதத்துக்கு உணவுக் குறிப்பேடு எழுதச் சொன்னேன். வாரந்தோறும் வாங்கிப் படித்து, சிவப்பு மையால் மதிப்பெண்ணும் இட்டேன். முதல் வாரக் குறிப்புகளில் இனிப்புகளும் பொரித்த தின்பண்டங்களும் தாராளமாக இருந்தன. இரண்டாம் வாரத்தில் அவை பாதியாகக் குறைந்தன. மூன்றாம் வாரத்திலோ வகுப்பு முழுவதும் பழமும் காய்கறியும் மட்டுமே உண்டு வாழ்ந்தது; இடைவேளையில் சிற்றுண்டிக் கடையின் முன் நின்ற கூட்டம் மட்டும் குறையவே இல்லை. மாறியிருந்தது எழுத்து மட்டுமே.

இதற்காக மாணவர்களைக் குறை சொல்வதில் பொருளில்லை. தாம் உண்பதைக் குறைத்துச் சொல்லும் பழக்கம் பெரியவர்களிடமும் உண்டு என்பது ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் நன்கறிந்த செய்தி. ஆய்வில் பங்கேற்றவர்களை ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுவகை) சேர்த்த நீரைக் குடிக்கச் செய்து, உடல் உண்மையில் செலவிட்ட ஆற்றலைக் கணக்கிட்டு, அதை அவர்கள் எழுதிக்கொடுத்த உணவுப் பட்டியலோடு ஒப்பிட்டபோதெல்லாம் பட்டியல் பெரும்பாலும் குறைவாகவே இருந்திருக்கிறது. மதிப்பெண்ணுக்காக ஆய்வில் சேராதவர்களே இப்படி எழுதும்போது, ஆசிரியரின் பேனாவுக்கு அஞ்சும் பதின்மூன்று வயதுப் பிள்ளை எப்படி எழுதும்?

ஆகவே அடுத்த ஆண்டு முறையை மாற்றினேன். குறிப்பேட்டை நான் வாங்கிப் பார்ப்பதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டு, ஏழு நாள்கள் எதையும் மாற்றாமல் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். என்ன உண்டோம் என்பதோடு, எத்தனை மணிக்கு, பசித்தா அல்லது பொழுது போகாமலா, திரையைப் பார்த்துக்கொண்டா அல்லது யாருடனாவது பேசிக்கொண்டா என்பதையும் குறிக்கச் சொன்னேன். எட்டாம் நாள் விரும்பியவர்கள் மட்டும் தாங்கள் கண்டதைச் சொல்லலாம் என்றபோது, ஒரு மாணவி எழுந்து, தான் மாலையில் உண்பவற்றில் பெரும்பகுதி பசியில்லாமல் உண்பவை என்றும், காலையுணவைத் தவிர்த்த நாள்களில்தான் அது மிகுதி என்றும் சொன்னாள். நான் ஒரு மணி நேரம் பாடம் நடத்தியிருந்தாலும் அந்தத் தொடர்பை அவளுக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்க முடியாது.

குறிப்பேட்டில் எதற்கு இடம் தரக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். உடல் எடைக்கும் கலோரிக் கூட்டலுக்கும் நான் இடம் தருவதில்லை. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடல்நிறைக் குறியீட்டெண்ணுக்கு (BMI) அடிப்படையான கணக்கை 1830களில் வகுத்த பெல்ஜிய அறிஞர் கெட்லே, மக்கள்தொகையின் சராசரி மனிதனைப் பற்றி ஆராய்ந்தவர். தனியொருவரின் நோயை அறிவது அவர் நோக்கமன்று. அதிலும் வளரும் பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் அளவுகோல் பொருந்தாது. வயதையும் பாலினத்தையும் சேர்த்துப் பார்க்கும் வளர்ச்சி அட்டவணையை வைத்து மருத்துவர் பார்க்க வேண்டிய எண்ணை வகுப்பறைச் சுவரில் ஒட்டினால், சில பிள்ளைகள் கேலிக்கு ஆளாவார்கள். சிலர் உணவையே வெறுக்கத் தொடங்குவார்கள். உண்ணுதல் சார்ந்த மனநலக் கோளாறுகள் பெரும்பாலும் வளரிளம் பருவத்தில்தான் தலைகாட்டுகின்றன என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஒவ்வொரு கவளத்துக்கும் கலோரி சொல்லும் கைப்பேசிச் செயலிகளைப் பள்ளி பரிந்துரைக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுவே என் பதில்.

உடற்பயிற்சியைப் பொறுத்தவரை, 5 முதல் 17 வயது வரையுள்ளோர் வாரம் முழுவதும் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடங்களாவது மிதமான அல்லது தீவிரமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாள்களாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் செயல்கள் இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வழிகாட்டியது. இதில் ‘சராசரியாக’ என்ற சொல்லைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு நாள் முப்பது நிமிடங்களே கிடைத்தால் மறுநாள் தொண்ணூறு நிமிடங்கள் விளையாடி ஈடுசெய்யலாம் என்று விளக்கியபோது, அதுவரை ஒதுங்கி நின்ற மாணவர்களும் கணக்குப் பார்க்க முன்வந்தார்கள். மிதம் எது, தீவிரம் எது என்று அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. பேச முடிந்து பாட முடியாமல் மூச்சு வாங்கினால் மிதம். சில சொற்களுக்கு மேல் தொடர்ந்து பேச முடியாவிட்டால் தீவிரம். நாளுக்குப் பத்தாயிரம் காலடி நடந்தே தீர வேண்டும் என்ற புகழ்பெற்ற இலக்கு, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவியின், ‘பத்தாயிரம் காலடி அளவி’ என்று பொருள்படும் பெயரிலிருந்து பரவியது என்று அறிந்தபோது மாணவர்கள் அடைந்த மகிழ்ச்சியை இங்கே குறிப்பிடாமலிருக்க இயலவில்லை.

ஆனால் நிமிடங்களைக் குறித்தால் போதாது, அவற்றைக் கொடுக்கவும் வேண்டும். தேர்வு நெருங்கும்போது விளையாட்டுப் பாடவேளையைக் கடனாகப் பெறும் ஆசிரியர்களுள் நானும் ஒருவன். பெற்ற கடனைத் திருப்பித் தந்ததாக நினைவில்லை. உலகெங்கும் 11 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் ஐந்தில் நால்வருக்கு மேல் போதிய உடலுழைப்பு இல்லை என்று 2016ஆம் ஆண்டுத் தரவுகள் காட்டின. இதற்கு மாணவரின் சோம்பலை மட்டும் காரணம் காட்டுவது நம் பங்கை மறைப்பதாகும்.

ஒரு வாரக் குறிப்புக்குப் பிறகு எதை மாற்றுவது என்பதை மாணவரே தேர்ந்தெடுக்கட்டும். ஆனால் ஒன்றே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், புதிய செயலொன்று தானாக நடக்கும் பழக்கமாக மாற இடைநிலை மதிப்பாக (அதாவது, வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவருக்கு) 66 நாள்கள் தேவைப்பட்டன. ஆளுக்கு ஆள் அது 18 நாள்களிலிருந்து 254 நாள்கள் வரை வேறுபட்டது. நடுவே ஒரு நாள் தவறியதால் பெரிய பின்னடைவு ஏற்படவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. தொடர்ந்து நாற்பது நாள்கள் சாதித்த பிள்ளை நாற்பத்தோராம் நாள் தவறியவுடன், கணக்கைச் சுழியத்துக்குக் கொண்டுபோகும் செயலியை வடிவமைத்தவர்கள் இதைப் படித்திருக்கலாம்.

தேர்ந்தெடுக்கும் மாற்றத்தை அளக்கக்கூடியதாக்க, வகுப்பறைக் கணக்கே உதவும். நம் ஆற்றல் தேவையில், உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து வருவது பத்து விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது 200 கிலோகலோரி. ஒரு கிராம் சர்க்கரை நான்கு கிலோகலோரி தருவதால் 50 கிராம். குளிர்பானப் புட்டியின் ஒட்டுத்தாளில் நூறு மில்லிலிட்டருக்குப் பத்து கிராம் என்று அச்சிட்டிருந்தால், அரை லிட்டரிலேயே ஒரு நாள் கணக்கு முடிந்துவிடுகிறது. இதை நான் கரும்பலகையில் எழுதவில்லை; ஆளுக்கொரு காலிப் புட்டியைக் கையில் கொடுத்து அவர்களையே பெருக்கச் சொன்னேன். அடுத்த வாரம் பலர் தேர்ந்தெடுத்த மாற்றம் எதுவென்று சொல்லத் தேவையில்லை.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில், ஒரு வாரத்துக்கான எளிய அட்டவணை ஒன்றை வெட்டி எடுத்துக்கொள்ளும் வகையில் வெளியிட வேண்டுகிறேன். உண்டது, உண்ட நேரமும் சூழலும், உடலுழைப்பு நிமிடங்கள், உறங்கிய மணிகள் ஆகிய நான்கு கட்டங்கள் போதும். எடைக்கென்று கட்டம் வேண்டாம். அடியில் பெற்றோருக்கோ ஆசிரியருக்கோ கையொப்பமிட இடமும் விட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உயிரியல் ஆசிரியர் ஒருவர்