மஞ்சள் அடிக்கவில்லை, சிவா

வெள்ளவத்தை,
2025 ஜனவரி 26

அன்பின் சிவா,

ஒக்டோபரில் நீ அனுப்பிய, மரத்திலும் தாளிலும் கட்டுகிற சின்ன விமானப் பெட்டி கைக்கு வந்த அன்றே எழுதியிருக்க வேண்டும். நீ இரண்டு தரம் போன் எடுத்தபோதும் "கட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். இடது இறக்கை பழுதாகிக் கிடந்தது. உன்னிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சரியாகிவிட்டது, அதுதான் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். மணி அண்ணை பொங்கலுக்கு வந்தார். அதே சேர்ட், அதே கேள்வி: "அவன் எப்ப வாறான்?" பதிலை நீயே அவருக்குச் சொல்லு.

மரவேலை மூன்று கிழமையில் முடிந்தது. சிக்கல் எல்லாம் தாள் ஒட்டத் தொடங்கிய பிறகுதான். தாளுக்குப் பூசுகிற டோப் என்ற வார்னிஷ் இங்கே நான் தேடிய கடைகளில் இல்லை. ஆரிடமாவது கொடுத்து விடுகிறேன் என்றாயே, தயவுசெய்து வேண்டாம். தீப்பிடிக்கிற சாமான், பிளேனில் ஏற்ற விடமாட்டார்கள், கொண்டுவருகிறவருக்குத்தான் வில்லங்கம். பழைய சோனகத் தெருவில் தளபாடத்துக்குப் பூசுகிற சாண்டிங் சீலர் ஒரு டின் வாங்கினேன். டோப்பைப் போல அதுவும் நைட்ரோ செல்லுலோஸ்தான், கேட்டுத்தான் வாங்கினேன். பாதிக்குப் பாதி தின்னர் கலந்து பூசினால் தாளுக்குப் போதும்.

தாள் ஒட்டுவதை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும், மச்சான். முதலில் மரச்சட்டத்தில் தாள் படுகிற இடமெல்லாம் இரண்டு பூச்சு, காய்ந்தபின் நைஸ் சாண்ட் பேப்பரால் ஒரு தேய். டிஷ்யூ தாளின் ஒரு மூலையைக் கிழித்துப் பார்த்தால் ஒரு பக்கம் நேராகக் கிழியும், மறுபக்கம் கோணும். நேராகக் கிழிகிற பக்கம் இறக்கையின் நீளத்துக்குப் போக வேண்டும். தாளை மேலே வைத்து, விளிம்பில் தின்னர் தொட்ட தூரிகையால் மெல்ல ஓட்டினால், தின்னர் தாளுக்குள்ளால் இறங்கி அடியில் காய்ந்திருந்த பூச்சை இளக்கிப் பிடிக்க வைக்கிறது. விரல் நுனியால் சுருக்கத்தை வெளியே இழுத்துக்கொண்டே போகலாம். பிறகு தண்ணீர் தெளித்தேன். தாள் ஈரத்தில் தொய்ந்து, பார்க்கவே வயிற்றைக் கலக்கியது. அரை மணித்தியாலம் கழித்து விரலால் சுண்டினேன், தவில் மாதிரி விறைத்து நின்றது. நம் பட்டத்தில் விண் கட்டி முதல்தரம் சத்தம் கேட்ட நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். அதே சந்தோஷம்.

அதன் பிறகுதான் பிழை விட்டேன். நவம்பரில் ஒரு பின்னேரம், மழை விட்ட கையோடு, சீலரைப் பூசினேன். கண் முன்னாலேயே இறக்கை முழுக்கப் பால் ஊற்றினது போல வெளுத்தது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிர வைக்கிறது. கொழும்புக் காற்றில் இருக்கிற ஈரம் அதில் நீராகப் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. அந்தப் பதற்றத்தில் இறக்கையைப் பலகையில் குண்டூசி குத்தி வைக்கவும் மறந்து, சுவரில் சாய்த்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் நுனி ஒரு விரல் அளவுக்கு முறுகியிருந்தது. அன்றைக்குப் பெட்டிக்குள் வைத்து மூடியதுதான், டிசம்பர் முழுக்கத் திறக்கவில்லை.

இந்த மாதம் மழை குறைந்து வெயில் நன்றாக வந்தது. பகல் 1 மணிக்கு, காற்றில் ஈரம் குறைந்த நேரம் பார்த்து, வெறும் தின்னரை மட்டும் ஒரு பூச்சு கொடுத்தேன். வெள்ளை அப்படியே கரைந்து மறைந்தது! முறுக்கலுக்கு இடியப்பப் பானைதான் உதவியது. கொதிக்கிற ஆவியில் இறக்கையைப் பிடித்து, முறுகியதற்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் கூடவே திருகி, அப்படியே குளிரும் வரை கையில் வைத்திருந்தேன். மூன்று தரம் செய்தேன். இப்போது மேசையில் வைத்தால் இரண்டு நுனியும் ஒரே மட்டம். (தின்னர் டின்னைப் பல்கனியில் வைத்துவிட்டுத்தான் அடுப்பை மூட்டினேன், பயப்படாதே.)

இனி நீ கோபிக்கக்கூடிய விஷயம். மஞ்சள் பெயின்ட் அடிக்கச் சொன்னாய், பக்கத்தில் கறுப்புக் கோடும் வேண்டும் என்றாய். நான் அடிக்கவில்லை. வால் சிறகில் மட்டும் ஸ்பிரே பெயின்ட் அடித்து, நகைக்கடைத் தராசு போன்ற சின்னத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். 2 கிராம் இருந்தது 3½ ஆகிவிட்டது. வால் தூரத்தில் இருப்பதால், அந்த ஒன்றரைக் கிராமைச் சமன் செய்ய மூக்கில் 4 கிராம் களிமண் வைக்க வேண்டி வந்தது. தாள் ஒட்டிப் பூச்சும் பூசிய முழு விமானமே 46 கிராம்தான், மச்சான். ரப்பர் முறுக்கில் பறக்கிற சாமானுக்கு இது எவ்வளவு பெரிய சுமை என்று யோசித்துப் பார். வால் சிறகின் தாளை உரித்துப் புதிதாக ஒட்டினேன்.

மஞ்சள் தாளே ஒட்டலாம் என்று புறக்கோட்டையில் வெசாக் கூட்டுக்கு ஒட்டுகிற தாளும் வாங்கினேன். தண்ணீர் பட்டதும் சாயம் வழிந்து கையெல்லாம் மஞ்சள். ஆகவே நீ அனுப்பிய வெள்ளைத் தாளிலேயே நிற்கட்டும். நேற்றுக் காலை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். வெயில் உள்ளே புகுந்து ஒவ்வொரு விலா எலும்பும் நிழலாகத் தெரிந்தது. இதன் மேல் பெயின்ட் அடிக்க எனக்கு மனம் வராது.

காலிமுகத்திடலில் விட மாட்டேன், கடற்காற்று ஒரே தூக்கில் கொண்டுபோய்விடும். உள்ளே ஒரு மைதானத்தில், விடியற்காலை காற்று எழும்ப முன், புல் உயரமாக உள்ள பக்கம் பார்த்து விட வேண்டும். ஆனால் நீ வராமல் ரப்பரை முறுக்க மாட்டேன். வாறேன் வாறேன் என்று 12 வருஷமாகச் சொல்கிறாய். உனக்கும் எனக்கும் 66 ஆகிவிட்டது, சிவா. இந்த முறை டிக்கெட் போட்டுவிட்டுப் பேசு.

கறுப்பு டிஷ்யூவில் எழுத்து வெட்டி ஒட்டுகிறேன், அதற்குப் பாரம் இல்லை. இலங்கை விமானங்களுக்கு உள்ள பதிவுக்குறி 4ஆர் வெட்டியாயிற்று. அதற்குப் பின்னால் மூன்று எழுத்து வர வேண்டும். என்ன எழுத்து என்று நீ சொல்லு. மழை வருவதற்கு முன் சொல்லு.

ரஞ்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
பாலா