"முட்டை சாப்பிடுங்கள்" என்பதோடு பேச்சை முடித்துவிடாதீர்கள்

ஊட்டச்சத்து ஆலோசகர்களுக்கும், கர்ப்பகாலத்தில் உணவு ஆலோசனை சொல்கிற எல்லோருக்கும்,

வணக்கம். பால், முட்டை, இறைச்சி எதுவும் தொடாத ஒரு பெண் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தால் என்னென்ன கேட்பீர்கள் என்பது எங்களுக்கு மனப்பாடம். பி12 எடுக்கிறீர்களா, இரும்புச்சத்து எப்படி, புரதத்துக்கு என்ன செய்கிறீர்கள்? நல்ல கேள்விகள்தான், தாராளமாகக் கேளுங்கள். ஆனால் கோலின் என்ற சத்தைப் பற்றி நீங்களாக வாய் திறப்பது அபூர்வம். நாங்களே கேட்டால் இரண்டில் ஒரு பதில் வரும்: "முட்டை சாப்பிடலாமே", இல்லாவிட்டால் "எல்லாம் கலந்து சாப்பிட்டா தானா கிடைச்சிடும்". முதல் பதில் எங்களுக்கு உதவாது. இரண்டாவது சரியா தப்பா என்பது கூட்டிப் பார்த்தால்தானே தெரியும்? அந்தக் கூட்டலை எங்களோடு உட்கார்ந்து போடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கோலின் என்ன செய்கிறது என்று உங்களுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. படிக்கிற மற்றவர்களுக்காக இரண்டு வரி மட்டும்: உடம்பின் ஒவ்வொரு செல்லின் சவ்வுக்கும் அது வேண்டும், கல்லீரலில் சேரும் கொழுப்பை வெளியே அனுப்பவும் வேண்டும், நரம்புகள் பேசிக்கொள்ள உதவும் அசிட்டைல்கோலின் அதிலிருந்துதான் உருவாகிறது, வயிற்றில் வளரும் குழந்தையின் மூளைக்கும் அது தேவை. கல்லீரல் கொஞ்சம் தானே தயாரித்துக்கொள்ளும், ஆனால் அது போதாது. அதனால்தான் 1998-இல் அமெரிக்காவில் இதை உணவிலிருந்து பெற்றே ஆக வேண்டிய சத்தாக அறிவித்து, பெண்களுக்கு நாளொன்றுக்கு 425 மில்லிகிராம், கர்ப்பிணிகளுக்கு 450, பாலூட்டுபவர்களுக்கு 550 என்று அளவும் வைத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2016-இல் வைத்த அளவு இதே வரிசையில் 400, 480, 520.

சரி, இப்போது கணக்கு. ஒரு கப் சோயா பாலில் சுமார் 57 மில்லிகிராம். அரைக் கப் வறுத்த சோயா பீன்ஸில் 107. ஒரு கப் வெந்த ராஜ்மாவில் 90, தோலோடு வேகவைத்த பெரிய உருளைக்கிழங்கு ஒன்றில் 57, ஒரு கப் ப்ரோக்கோலியில் 62, ஒரு கப் கீன்வாவில் 43, கால் கப் வேர்க்கடலையில் 24. மொத்தம் 440. எட்டிவிட்டோம்! ஆனால் இது எத்தனை பேருடைய ஒரு நாள் சாப்பாடு என்று யோசியுங்கள். இதிலிருந்து சோயாவை மட்டும் எடுத்துவிட்டால் (ஒவ்வாமை இருக்கலாம், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், சும்மா பிடிக்காமலும் போகலாம்) 276-க்கு இறங்கிவிடுகிறது. அதே பெண் பாலூட்டுபவளாக இருந்தால் பாதிதான் கிடைக்கிறது. முட்டை சாப்பிடுபவருக்கு ஒரு பெரிய முட்டையிலேயே கிட்டத்தட்ட 147 வந்துவிடும், அதனால் அவர் எண்ணிப் பார்க்காமலே காலம் தள்ளலாம். எங்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

பயமுறுத்த வரவில்லை. அந்த 425 கல்லில் செதுக்கிய எண் இல்லை என்பது எனக்கும் தெரியும். சராசரித் தேவையைக் கறாராகக் கணக்கிடப் போதிய தரவு இல்லாததால் "போதுமான அளவு" என்று உத்தேசமாக வைத்தது அது. அதற்கு அடித்தளமாக இருந்ததே ஆண்களிடம் செய்த ஆய்வு, பெண்களுக்கான எண்ணை அதிலிருந்து கணித்துக்கொண்டார்கள். (பெண்களின் உடல்நலத்தில் இது புதிதா என்ன!) எல்லாம் சாப்பிடுகிறவர்களிலும் பலர் அந்த அளவை எட்டுவதில்லை, எட்டாத எல்லோரும் படுத்துவிடவும் இல்லை. அதனால் எண்ணைக் காட்டி மிரட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. யாருக்கு அந்த இடைவெளி பெரிய விஷயம், யாருக்கு இல்லை என்று பிரித்துச் சொல்லுங்கள் என்கிறேன்.

அந்தப் பிரிவினைக்கு நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றியதே அல்ல. மாதவிடாய் நின்றுவிட்டதா என்பதுதான். கல்லீரல் தானே கோலின் தயாரிக்க உதவும் மரபணுவை முடுக்கிவிடுவது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன், மாதவிடாய் நின்றதும் அது குறைந்துவிடும். 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கோலின் மிகக் குறைந்த உணவைக் கொடுத்துப் பார்த்தபோது, கல்லீரலில் கொழுப்போ தசையில் சேதமோ வந்தவர்கள் ஆண்களில் 77 சதவீதம், மாதவிடாய் நின்ற பெண்களில் 80 சதவீதம், நிற்காத பெண்களில் 44 சதவீதம். வித்தியாசத்தைப் பாருங்கள். இருபத்தைந்து வயதில் ஒரு பெண்ணைத் தாங்கிய அதே சாப்பாடு ஐம்பத்தைந்தில் தாங்காமல் போகலாம், அவள் தட்டில் எதையுமே மாற்றியிருக்க மாட்டாள். அந்த 44 சதவீதமும் சும்மா இல்லை: சில பெண்களுக்கு அந்த மரபணு ஈஸ்ட்ரோஜன் சொல்வதைக் கேட்காத வகையில் அமைந்திருக்கிறது, இளவயதிலும் அவர்களுக்குப் பாதுகாப்பு குறைவு.

"அப்படின்னா ரத்தத்தில் பார்த்துவிடலாமே" என்று அடுத்துச் சொல்லாதீர்கள். சாப்பாட்டில் குறைந்தாலும் ரத்தத்தில் கோலின் அளவு அவ்வளவாக இறங்காது, உடம்பு தன் செல்சவ்வுகளை உடைத்தாவது அதைச் சமாளித்துக்கொள்ளும். ஆகவே மறுபடி தட்டுக்குத்தான் வர வேண்டும்.

தட்டோடு சேர்த்து மாத்திரை அட்டையையும் வாங்கிப் பாருங்கள். கர்ப்பகாலத்துக்கென்று விற்கும் பல வைட்டமின் மாத்திரைகளில் கோலின் கிடையாது, இருந்தாலும் பேருக்குத்தான். பி12 போல மைக்ரோகிராமில் அடங்குகிற சமாச்சாரம் இல்லை இது, நூற்றுக்கணக்கான மில்லிகிராம் சேர்த்தால் மாத்திரை பெரிதாகிவிடும், அதுதான் காரணம். கர்ப்பகால மாத்திரைகளில் போதிய கோலின் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2017-லேயே ஆதரவு தெரிவித்துவிட்டது. தனியாகக் கோலின் வாங்குகிறவர்களுக்கு லேபிளில் இன்னொரு சிக்கல்: கோலின் பைடார்ட்ரேட் (கோலினோடு வேறொரு அமிலம் சேர்ந்த வடிவம்) 500 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அதில் கோலின் சுமார் 205 தான். பாஸ்ஃபாடிடைல்கோலின் என்றால் எடையில் கிட்டத்தட்ட 13 சதவீதம்தான் கோலின், 420 மில்லிகிராம் விழுங்கினால் 55 கிடைக்கும். பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை நம்பி ஒருத்தி நிம்மதியாக இருந்தால் அது அவள் குற்றமில்லை. பாஸ்ஃபாடிடைல்கோலின் அடங்கிய லெசித்தின் மாத்திரை என்றால், அது சோயாவிலிருந்தா, முட்டையிலிருந்தா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள், எங்களுக்கு அது முக்கியம். அதே மூச்சில், நாளொன்றுக்கு 3,500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதையும், அளவு மிஞ்சினால் வியர்வையில் மீன் வாடை வரும், ரத்த அழுத்தம் இறங்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஆர்வக்கோளாறில் அள்ளிப் போட்டுக்கொள்கிறவர்களும் எங்களில் உண்டு.

இன்னொன்று. ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் குறைந்தால் உடம்பு அதன் வேலையையும் கோலின் தலையில் கட்டும், பி12 குறைந்தாலும் ஃபோலேட்டால் தன் வேலையைச் செய்ய முடியாது. கீரை, பீட்ரூட், முழுக்கோதுமையில் இருக்கும் பீட்டைன் என்ற பொருள் கோலினின் ஒரு வேலையை மட்டும் பகிர்ந்துகொள்ளும், எல்லாவற்றையும் அல்ல. அதனால் நீங்கள் வழக்கமாகக் கேட்கும் பி12 கேள்வியை விட வேண்டாம். அதன் பக்கத்திலேயே இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: சோயா சாப்பிடுகிறீர்களா, கர்ப்பமாக இருக்கிறீர்களா அல்லது பாலூட்டுகிறீர்களா, மாதவிடாய் நின்றுவிட்டதா. பதிலைக் கேட்டுவிட்டு ஒரு தாளை எடுத்து நேற்று என்ன சாப்பிட்டோம் என்று எழுதச் சொல்லுங்கள், பக்கத்தில் மில்லிகிராமை நீங்கள் எழுதுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

இப்படிக்கு,
முட்டை சாப்பிடப் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்ட ஒருத்தி