'இன்' என்றால் இல்லை என்று நம்பியவன் கடிதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமா? இங்கிலாந்துக் குளிர் ஒருவழியாகப் பழகிவிட்டது. மாலை நாலு மணிக்கே இருட்டுவதுதான் இன்னும் பழகவில்லை. வேலை அதே கிடங்கில்தான். ஆங்கிலம் மட்டும் அவ்வப்போது காலை வாருகிறது. அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

கிடங்கின் ஒரு மூலையில் பத்துப் பன்னிரண்டு பழைய டின்கள் கிடந்தன. மேலே 'இன்ஃப்ளேமபிள்' என்று அச்சிட்டிருந்தது. ஃப்ளேம் என்றால் தீச்சுடர். முன்னால் 'இன்' வந்தால் 'இல்லை' என்று பொருள், 'கரெக்ட்', 'இன்கரெக்ட்' போல என்று நீங்கள்தானே சொல்லித் தந்தீர்கள்? ஆக, தீப்பிடிக்காத சரக்கு என்று முடிவு கட்டி, எல்லாவற்றையும் ஹீட்டர் பக்கத்தில் அழகாக அடுக்கிவைத்தேன். சூப்பர்வைசர் ஓடி வந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சொல்லுக்கு 'எளிதில் தீப்பிடிக்கும்' என்று அர்த்தமாம். சரி, அப்படியானால் 'ஃப்ளேமபிள்'? அதற்கும் அதே அர்த்தம்தான்!

தப்பு உங்கள் மேல் இல்லை. லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு இரண்டு 'இன்' வந்திருக்கின்றன. ஒன்று இன்மை. இன்னொன்று 'உள்ளே'. 'இன்ஃப்ளமாரே' என்ற லத்தீன் வினைக்குத் தீமூட்டுவது என்று பொருள். டின்னில் இருந்தது இந்த இரண்டாவது 'இன்'. என்னைப் போல ஏமாந்தவர்கள் நிறைய இருந்திருப்பார்கள் போல. அமெரிக்காவில் தீத்தடுப்புச் சங்கத்தார் 1920களிலேயே 'இன்'னை வெட்டிவிட்டு 'ஃப்ளேமபிள்' என்றே எழுதச் சொன்னார்கள். பிரிட்டனின் தர நிர்ணய நிறுவனம் 1959இல் அதே வழிக்கு வந்தது. அந்த டின்கள் மட்டும் மாறவில்லை.

அன்றிலிருந்து இரவில் அகராதியும் கையுமாக இருக்கிறேன். உங்களுக்குப் பிடிக்கும் ஒரு விஷயம்: ஆங்கிலத்திலும் புணர்ச்சி இருக்கிறது! மரம், கள் சேர்ந்து 'மரங்கள்' ஆவதுபோல, 'இன்' வரும் எழுத்துக்கு ஏற்ப மாறிக்கொள்கிறது. 'பாசிபிள்' முன்னால் 'இம்', 'லீகல்' முன்னால் 'இல்', 'ரெகுலர்' முன்னால் 'இர்'. இதை யாராவது பள்ளியிலேயே இப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு ஸ்பெல்லிங் தப்பியிருக்காது.

'இன்ஃபன்ட்' என்றால் பச்சைக் குழந்தை. பிரித்துப் பார்த்தால் 'பேசாதது'. 'இனர்ட்' என்றால் அசைவற்றது. லத்தீன் மூலத்தில் 'கலையறியாதது'. 'இன்கோயேட்' என்று ஒரு சொல், தொடங்கி இன்னும் உருப்பெறாததைச் சொல்வது. அதிலுள்ள 'இன்' இன்மை இல்லை. ஆனால் வக்கீல்கள் அப்படி நினைத்து, 'இன்'னைக் கழற்றி, 'முழுமையானது' என்ற பொருளில் 'கோயேட்' என்று ஒரு புதுச்சொல்லையே செய்துவிட்டார்கள். 'அழகு' என்பதில் 'அ'வைக் கழற்றினால் 'ழகு' என்று அசிங்கத்துக்கு ஒரு சொல் கிடைக்கும் என்பதுபோல!

நம் பேச்சில் கலந்த அநீதி, அகாலம் ஆகிய வடசொற்களில் வரும் அந்த 'அ'வும், இன்மைப் பொருள் தரும் ஆங்கில 'இன்', 'அன்' இரண்டும் ஒரே மூலத்துப் பிள்ளைகளாம். அமிர்தம் என்றால் சாவில்லாதது. 'இம்மார்ட்டல்' என்றாலும் அதுவே. தலையிலிருந்து கால்வரை இரண்டும் உறவுச் சொற்கள். நான் இதை நம்பவே மூன்று அகராதி புரட்டினேன்.

அப்புறம், போன வாரம் அதே சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் என்னை 'இன்வேல்யுபிள்' என்றார். வேல்யூ மதிப்பு, 'இன்' இன்மை. டின் விவகாரத்தை இன்னும் மறக்கவில்லை, மதிப்பில்லாதவன் என்கிறார் என்று முகம் செத்துப்போனது. இரவு அகராதியைத் திறந்தால், 'இன்' இன்மையேதான், ஆனால் மதிப்பிட முடியாத அளவுக்கு உயர்ந்தது என்று போட்டிருக்கிறது. சிரித்துவிட்டேன். நாமும் 'மதிப்பற்ற' என்று திட்டுகிறோம், முன்னால் ஒரு 'விலை' சேர்த்து 'விலைமதிப்பற்ற' என்று புகழ்கிறோம் இல்லையா?

இந்தப் பத்தியை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்